குடிக்காதவர் ஸ்பூன்ஸுக்குப் போனால்

கேள்வி இது: "மான்செஸ்டரில் வேலைக்குச் சேர்ந்து ஐந்து வாரம் ஆகிறது. வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் டீன்ஸ்கேட் தெருவில் இருக்கும் 'ஸ்பூன்ஸ்' பப்புக்குப் போகலாம் என்று எங்கள் டீமில் கூப்பிடுகிறார்கள். நான் குடிப்பதில்லை. பார் என்று எந்த இடத்துக்குள்ளும் இதுவரை கால் வைத்ததும் இல்லை. போகாவிட்டால் ஒட்டாத ஆள் என்று நினைப்பார்களோ என்றும் இருக்கிறது. ஒரு பெண் அங்கே போய் என்ன செய்ய வேண்டும், என்ன வாங்க வேண்டும், எவ்வளவு செலவாகும்?"

போங்கள். ஒரு சொட்டுகூடக் குடிக்காமல் இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு வரலாம், யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். ஊரில் பார் என்றால் டாஸ்மாக் கடையை ஒட்டிய கொட்டகையும், பிளாஸ்டிக் டம்ளரும், ஆண்கள் கூட்டமும்தான் நமக்கு ஞாபகம் வரும். இங்கே பப் என்பது பாரும் சாப்பாட்டுக் கடையும் சேர்ந்த இடம். மதியம் எட்டிப் பார்த்தால் இரண்டு பாட்டிகள் மீனும் சிப்ஸும் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள், பக்கத்து மேசையில் ஒரு மாணவர் லேப்டாப்பைத் திறந்து வைத்து மூன்றாவது கப் காபியில் இருப்பார். படிக்கிற காலத்தில் இரண்டு வருடம் வேறொரு பப்பில் கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று பீர் ஊற்றியவன் நான். அதனால் இரண்டு பக்கமும் தெரியும். இதில் குழப்பம் வருவது இரண்டே விஷயங்களில்: கவுன்ட்டரில் யார் முறை என்பது ஒன்று, 'ரவுண்டு' என்கிற கொடுக்கல் வாங்கல் இன்னொன்று. இந்த இரண்டும் பிடிபட்டால் போதும்.

முதலில் அது என்ன இடம் என்று சொல்லிவிடுகிறேன். 'ஸ்பூன்ஸ்' என்று செல்லமாகச் சொல்வது ஜே.டி. வெதர்ஸ்பூன் என்ற பப் நிறுவனத்தை. டிம் மார்ட்டின் என்பவர் 1979-ல் வட லண்டனின் மஸ்வெல் ஹில்லில் ஒரே ஒரு பப்பாகத் தொடங்கியது. இன்று பிரிட்டனிலும் அயர்லாந்திலும் சேர்த்துச் சுமார் 800 கிளைகள். வெதர்ஸ்பூன் என்பது அவருக்கு நியூசிலாந்தில் பாடம் எடுத்த ஓர் ஆசிரியரின் பெயர். வகுப்பை அடக்கத் தெரியாதவராம். ஜே.டி. என்பது ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் பாத்திரத்திலிருந்து வந்தது. ஆக, பலகையில் பார்க்கும் அந்தப் பெயரில் யாரும் இல்லை.

சங்கிலிக் கடை என்றால் எல்லாம் ஒரே அச்சில் இருக்கும் என்று நினைப்போம். மெனு அப்படித்தான், கட்டடம் அப்படி இல்லை. கைவிடப்பட்ட வங்கி, தியேட்டர், தபால் நிலையம் என்று பழைய கட்டடங்களாகப் பார்த்து வாங்குவது இவர்கள் வழக்கம். லண்டன் கிரேஸ்சர்ச் தெருவில் இருக்கும் கிளை ஒரு காலத்தில் ஹாங்காங் ஷாங்காய் வங்கி. கிளாஸ்கோ ஜார்ஜ் சதுக்கத்தில் இருப்பதும் பழைய வங்கிதான். டன்பிரிட்ஜ் வெல்ஸில் அசல் ஆப்பரா அரங்கத்துக்குள்ளேயே மேசை போட்டிருக்கிறார்கள். டீன்ஸ்கேட்டில் நீங்கள் போகப்போவது 'தி மூன் அண்டர் வாட்டர்' ஆகத்தான் இருக்க வேண்டும். அது பழைய சினிமா தியேட்டர். 1995-ல் பப்பாகத் திறந்தபோது நாட்டிலேயே பெரிய பப் என்று பேர் வாங்கியது. இப்போது அந்தப் பெருமை ராம்ஸ்கேட் கடற்கரையில் இருக்கும் இவர்களுடைய இன்னொரு கிளைக்கு. 'தண்ணீருக்கடியில் நிலா' என்பது எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1946-ல் எழுதிய ஒரு கட்டுரையில் வரும் கற்பனைப் பப்பின் பெயர். ஒரு நல்ல பப் எப்படி இருக்க வேண்டும் என்று பட்டியல் போட்டுவிட்டு, அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று முடித்திருப்பார். ரேடியோவும் பியானோவும் இல்லாமல் பேசுவதற்குத் தோதாக இருக்க வேண்டும் என்பது அவர் பட்டியலில் ஒன்று. ஸ்பூன்ஸ் கிளைகளில் பெரும்பாலானவற்றில் பாட்டு போட மாட்டார்கள். ஆனால் வெள்ளி மாலை அங்கே இருப்பது அமைதி இல்லை; நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் பேசும் சத்தம். நம் கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரம் நின்ற பிறகு கேட்குமே, அது.

சரி, உள்ளே போய்விட்டீர்கள். யாரும் வந்து 'எத்தனை பேர்' என்று கேட்டு உட்கார வைக்க மாட்டார்கள். ஆர்டர் எடுக்கவும் வர மாட்டார்கள். நான் இந்த நாட்டுக்கு வந்த முதல் மாதம் ஒரு பப்பில் மேசையில் போய் உட்கார்ந்து, சர்வர் வருவார் வருவார் என்று அரை மணி நேரம் காத்திருந்தேன். பக்கத்து மேசைப் பெரியவர் ஒருவர் பரிதாபப்பட்டு, 'தம்பி, அங்கே போய்க் கேட்கணும்' என்கிற மாதிரி கவுன்ட்டரைக் கையால் காட்டினார். நீங்களே போய் வாங்கி, அங்கேயே பணம் கட்டி, கிளாஸை நீங்களே தூக்கி வர வேண்டும். சாப்பாடு மட்டும் மேசைக்கு வரும். கத்தி, முள்கரண்டி, சாஸ் எல்லாம் ஓரமாக ஒரு மேடையில் இருக்கும், போய் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இனி கவுன்ட்டர். வரிசைக்குப் பேர்போன நாட்டில் வரிசையே இல்லாத ஓர் இடம் இருக்கிறது என்றால் அது பப் கவுன்ட்டர். ஒருவர் பின்னால் ஒருவராக நிற்க மாட்டார்கள். நீளவாக்கில் எங்கே இடைவெளி இருக்கிறதோ அங்கே போய் நிற்பார்கள். பார்த்தால் நம்மூர் ரேஷன் கடை போலத் தோன்றும். ஆனால் உள்ளுக்குள் ஒரு வரிசை ஓடிக்கொண்டே இருக்கும். யார் யாருக்கு முன்னால் வந்தார்கள் என்று உள்ளே நிற்பவரும் நினைவில் வைத்திருப்பார், வெளியே நிற்பவர்களும் வைத்திருப்பார்கள். நான் சட்டை நிறத்தை வைத்துத்தான் கணக்கு வைப்பேன்: நீலச் சட்டை, அப்புறம் கண்ணாடிப் பெண், அப்புறம் மொட்டைத் தலை. கொஞ்சம் தடுமாறினால் 'அடுத்து யார்?' என்று கேட்போம். அந்த நேரத்தில் உங்களுக்கு முன்னால் வந்தவர் பக்கத்தில் இருந்தால் அவரைக் கைகாட்டுங்கள். அந்த ஒரு செய்கைக்குக் கிடைக்கும் மரியாதை பெரியது. அடுத்த முறை உங்களை யாரும் தாண்டிப் போக மாட்டார்கள்.

செய்யக்கூடாதவை: பத்து பவுண்டு நோட்டை ஆட்டுவது, விரல் சொடுக்குவது, 'எக்ஸ்கியூஸ் மீ' என்று குரல் கொடுப்பது. நோட்டை ஆட்டுகிறவரை நாங்கள் கண்ணில் படாதவர் மாதிரி இன்னும் இரண்டு பேர் தள்ளி வைப்போம். (இதை வெளியே சொல்வதில்லை.) கவுன்ட்டரில் கையை வைத்துக்கொண்டு, உள்ளே இருப்பவரின் கண்ணைப் பார்த்து லேசாகத் தலையசைத்தால் போதும். கொரோனாவுக்குப் பிறகு சில பப்களில் ஒற்றை வரிசை நிற்கும் பழக்கம் வந்துவிட்டது. பழைய ஆட்களுக்கு அது சுத்தமாகப் பிடிப்பதில்லை. நீங்கள் போகும் அன்று வரிசை நின்றால் அதில் நின்றுவிடுங்கள்; சண்டையில் நமக்கு என்ன வேலை.

முறை வந்ததும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். ஒன்றைக் கேட்டு வாங்கி, 'அப்புறம் இன்னொன்று' என்று இழுத்தால் பின்னால் நிற்பவர்கள் பெருமூச்சு விடுவார்கள். யாராவது கின்னஸ் என்ற கறுப்பு பீர் கேட்டிருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். பாதி ஊற்றி, நுரை அடங்கவிட்டு, மீதியை ஊற்ற வேண்டும் என்பதால் இரண்டு நிமிடம் பிடிக்கும். அதற்குள் மற்றதையெல்லாம் எடுத்துவிடலாம். கார்டைக் கையில் தயாராக வைத்திருங்கள். டிப்ஸ் வேண்டாம், கவுன்ட்டரில் அது வழக்கமில்லை. கவுன்ட்டர்ப் பெண் உங்களை 'லவ்' என்று கூப்பிட்டால் திடுக்கிடாதீர்கள். மான்செஸ்டரில் அது நம்மூர்க் கடைக்காரர் 'வாம்மா' என்பது போல.

இதெல்லாம் தலைவலி என்றால் ஸ்பூன்ஸில் வேறு வழி உண்டு. 2017-லிருந்து அவர்களுக்கு ஒரு செயலி இருக்கிறது. ஒவ்வொரு மேசையிலும் எண் ஒட்டியிருக்கும். செயலியில் அந்த எண்ணைக் கொடுத்து ஆர்டர் செய்தால் மேசைக்கே கொண்டுவந்து வைப்பார்கள். முதல் தடவை போகிறவருக்கு, அதுவும் குடிக்காதவருக்கு, இதைவிட வசதி கிடையாது. என்ன வாங்கினீர்கள் என்று கவுன்ட்டரில் பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியாது.

அடுத்தது ரவுண்டு. நிஜமான சிக்கல் இதில்தான். ஐந்து பேர் சேர்ந்து போனால் ஐந்து பேரும் தனித்தனியாக வாங்குவதில்லை. முதலில் ஒருவர் எழுந்து ஐந்து பேருக்கும் வாங்கி வருவார், அது தீர்ந்ததும் அடுத்தவர். கடனைத் திருப்பித் தருவது என்றெல்லாம் யாரும் வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள். ஆனால் மூன்று ரவுண்டு வாங்கிக் குடித்துவிட்டுத் தன் முறை வரும்போது கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்புகிறவரை ஆறு மாதம் கழித்தும் பேசுவார்கள். கல்யாண மொய் நோட்டு எழுதி வைக்கிற ஊரிலிருந்து வந்த நமக்கு இது புரியாத கணக்கு இல்லை.

குடிக்காதவருக்கு இதில் உள்ள இடைஞ்சல் தெளிவு. உங்களுக்கு யாரோ வாங்கித் தருவது லைம் சோடா. உங்கள் முறை வரும்போது நீங்கள் வாங்க வேண்டியது நான்கு பைன்ட் பீர் (பைன்ட் என்பது அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல் பிடிக்கும் கிளாஸ்). அதோடு, ரவுண்டில் சேர்ந்துவிட்டால் மற்றவர்கள் வேகத்துக்கு நீங்களும் குடித்துத் தீர்க்க வேண்டும். நாலாவது லைம் சோடாவை யாரால் குடிக்க முடியும்? ஆரம்பத்திலேயே, முதல் ஆள் எழும்போதே, 'நான் சீக்கிரம் கிளம்பணும், எனக்கு நானே வாங்கிக்கிறேன்' என்று சொல்லிவிடுங்கள். சிரித்துக்கொண்டு சொன்னால் போதும், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இரண்டு ரவுண்டு தாண்டிய பிறகு சொன்னால்தான் தப்பாகத் தெரியும். என்னைக் கேட்டால், புது டீம் என்பதால் ஒரே ஒரு தடவை நீங்களாகவே எழுந்து எல்லோருக்கும் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். அந்தச் செலவு வீண்போகாது.

செலவு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மான்செஸ்டர் நகர மையத்தில் மற்ற பார்களில் ஒரு பைன்ட் 5, 6 பவுண்டு என்று போகிறது. ஸ்பூன்ஸில் அதைவிடக் கணிசமாகக் குறையும். அலுவலகக் கும்பல் அங்கே போவதற்கு முக்கியக் காரணமும் அதுதான். கிளைக்குக் கிளை விலை மாறும், செயலியில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம். நாடு முழுவதற்கும் மொத்தமாகக் கொள்முதல் செய்வது, நிறைய விற்றுக் கொஞ்சம் கொஞ்சமாக லாபம் பார்ப்பது, பல கட்டடங்களைச் சொந்தமாகவே வைத்திருப்பது என்று அந்த மலிவுக்குக் காரணங்கள் உண்டு. நீங்கள் ஒரு குளிர்பானமும் ஒரு தட்டுச் சாப்பாடும் வாங்கினால் 15 பவுண்டுக்குள் முடித்துவிடலாம்.

என்ன குடிப்பது என்பதில் சில பெயர்கள் நம்மை ஏமாற்றும். 'சைடர்' என்பது இங்கே ஆப்பிள் ஜூஸ் இல்லை, போதை உள்ள பானம். பல நேரம் பீரைவிட அதிகம். 'ஷாண்டி' என்றால் பாதி பீர். 'லெமனேட்' என்று கேட்டால் எலுமிச்சைச் சாறு வராது, ஸ்பிரைட் மாதிரி ஒன்று வரும். 'ஜிஞ்சர் பீர்' பெரும்பாலும் வெறும் இஞ்சி சோடாதான், ஆனால் ஆல்கஹால் சேர்த்ததும் விற்பதால் கேட்டு வாங்குங்கள். ஆல்கஹால் இல்லாத பீர் பாட்டில்களும் உண்டு; துளிகூடக் கூடாது என்பவர் 0.0% என்று போட்டிருப்பதைப் பார்த்து எடுக்க வேண்டும், 0.5% உள்ளவையும் அதே அலமாரியில்தான் நிற்கும். கையில் கிளாஸ் இருந்தால் யாரும் எதுவும் கேட்பதில்லை. லைம் சோடாவைப் பார்த்தால் ஜின் என்றுதான் நினைப்பார்கள். காபி, டீயும் உண்டு. ஒரு தடவை காசு கொடுத்தால் கப்பைத் திரும்பத் திரும்ப இயந்திரத்தில் நிரப்பிக்கொள்ளலாம். சும்மா தண்ணீர் கேட்டாலும் தர வேண்டும். குழாய்த் தண்ணீர் இலவசமாகத் தருவது மது உரிமம் உள்ள இடங்களுக்கு இங்கிலாந்தில் சட்டப்படிக் கடமை.

மற்றவர்களுக்கு வாங்கும்போது தெரிய வேண்டிய அளவு: பைன்ட் என்பது 568 மில்லி, அரை பைன்ட் 284. ஜின், விஸ்கி எல்லாம் 25 அல்லது 35 மில்லி அளவாக ஊற்றுவார்கள், 'டபுளா?' என்று கேட்டால் அதற்கு இரட்டிப்பு, விலையும் கூடும். வாங்கச் சொன்னவர் எதைச் சொன்னார் என்பதை ஃபோனில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் இத்தனை வருடத்துக்குப் பிறகும் எழுதித்தான் வைக்கிறேன்.

சாப்பாடு பற்றி அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். பர்கர், சிப்ஸ், பீட்சா, கறி. பல ஐட்டங்களில் விலையோடு ஒரு பானமும் சேர்ந்தே வரும், அதில் குளிர்பானமும் உண்டு என்பதால் உங்களுக்கு லாபம். வியாழக்கிழமைதோறும் 'கறி கிளப்' என்று நீண்ட காலமாக நடத்துகிறார்கள்: டிக்கா மசாலா, சோறு, நான், அப்பளம், மாங்காய்ச் சட்னி. ஊர்க் குழம்பை மனதில் வைத்துக்கொண்டு சாப்பிடாதீர்கள். தக்காளியும் இனிப்பும்தான் தூக்கலாக இருக்கும். வேறொரு பதார்த்தம் என்று நினைத்துச் சாப்பிட்டால் ஓரளவு நன்றாகவே இருக்கும். சைவத்துக்கு மெனுவில் தனிக் குறி உண்டு. ஒரே எண்ணெயில் பொரிப்பார்களா என்ற சந்தேகம் இருந்தால் கேட்டுவிடுங்கள், முகம் சுளிக்க மாட்டார்கள். ஒவ்வொரு உணவுக்கும் எதிரே கலோரி போட்டிருப்பதைப் பார்த்து மிரள வேண்டாம். பெரிய நிறுவனங்கள் அதை அச்சிட வேண்டும் என்று 2022 ஏப்ரலிலிருந்து இங்கிலாந்தில் சட்டம்.

அடையாள அட்டை கேட்கக்கூடும். குடிக்கும் வயது 18 என்றாலும், பார்ப்பதற்கு 25-க்குக் கீழே தெரிந்தால் கேட்பது இங்கே பொதுவான நடைமுறை. நம்மவர்களுக்கு முகத்தில் வயது தெரிவதில்லை என்பதால் பெரும்பாலும் கேட்பார்கள். பாஸ்போர்ட் அல்லது இந்நாட்டு ஓட்டுநர் உரிமம் வேண்டும். அலுவலக அட்டையைக் காட்டிப் பயனில்லை.

பெண் என்ற முறையில் கேட்டதற்கு: கூட்டம் மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை கலகலப்பு, ஒன்பதுக்குப் பிறகு கொஞ்சம் முரடாகும். கால்பந்துப் போட்டி உள்ள நாட்களில் முன்னதாகவே ஆகும். ஐந்தரைக்குப் போய் எட்டுக்குக் கிளம்புவது என் சிபாரிசு. கிளாஸைக் கண்ணெதிரே வைத்துக்கொள்ளுங்கள். விட்டுவிட்டுக் கழிவறைக்குப் போய் வந்தால் அதைக் குடிக்காதீர்கள், புதிதாக வாங்குங்கள். (ஸ்பூன்ஸில் கழிவறை மாடியேறி, வராண்டா தாண்டி, பிறகு இன்னொரு மாடி ஏறினால் வரும் என்பது இந்த நாட்டின் பொது ஜோக். சுத்தமாக இருக்கும், அதையும் சொல்லவேண்டும்.) யாராவது தொந்தரவு செய்தால் கவுன்ட்டரில் போய் 'ஏஞ்சலா இருக்கிறாரா?' என்று கேளுங்கள். 2016-ல் லிங்கன்ஷையரில் தொடங்கிப் பல ஊர்களுக்கும் பரவிய ரகசியக் குறிச்சொல் அது; உதவி வேண்டும் என்று பொருள். விஷயம் தெரிந்த ஊழியர் உங்களைத் தனியே அழைத்துப் போய் டாக்சி பிடித்துக் கொடுப்பார். அந்தப் பெயர் புரியாத ஊழியராக இருந்தால் நேரடியாகவே சொல்லுங்கள், கூச்சம் வேண்டாம். தலைக்கேறியவருக்கு மேலும் ஊற்றிக் கொடுப்பது ஊழியருக்கே குற்றம் என்பதால், அப்படிப்பட்ட ஆளைப் பற்றிச் சொன்னால் அவர்களும் உடனே கவனிப்பார்கள்.

வீட்டில் இறக்கிவிடுகிறேன் என்று குடித்த சக ஊழியர் யாராவது சொன்னால் ஏறாதீர்கள். இங்கிலாந்தில் 100 மில்லி இரத்தத்துக்கு 80 மில்லிகிராம் என்பது வண்டி ஓட்டுவதற்கான வரம்பு, ஸ்காட்லாந்தில் 50. இரண்டு பைன்ட் குடித்தவர் எந்தப் பக்கம் இருக்கிறார் என்று அவருக்கே தெரியாது. மான்செஸ்டரில் டிராம் இருக்கிறது, அதில் போங்கள்.

ஒருவேளை டீமில் யாராவது 'ஸ்பூன்ஸா, நான் வரலை' என்று சொன்னால் அது உங்களால் என்று நினைத்துவிடாதீர்கள். முதலாளி டிம் மார்ட்டின், ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகும் பிரெக்ஸிட்டுக்கு வெளிப்படையாக ஆதரவு தந்தவர். 2016 வாக்கெடுப்புக்கு முன்னால் கிளாஸுக்கு அடியில் வைக்கும் அட்டைகளில்கூட அதை அச்சிட்டு வைத்தார். அந்தக் கோபத்தில் இன்றுவரை உள்ளே வராதவர்கள் உண்டு. பேச்சு அந்தப் பக்கம் போனால் தலையைக் குனிந்து கம்பளத்தைப் பாருங்கள். கேலி இல்லை, ஒவ்வொரு கிளைக்கும் தனி வடிவமைப்பில் கம்பளம் நெய்ய வைப்பது இவர்கள் பழக்கம், வேறெங்கும் அதே பூ இருக்காது.

கடைசியாக ஒன்று. வெள்ளிக்கிழமை முதல்முறையாகப் போவதற்குப் பதில், புதன் மதியம் ஒருமுறை தனியாக எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள். ஒரு காபி வாங்குங்கள், கவுன்ட்டர் எங்கே, கழிவறை எங்கே, செயலி எப்படி என்று தெரிந்துகொள்ளுங்கள். மேசை எண் தெரிந்தால் யார் வேண்டுமானாலும் எங்கிருந்து வேண்டுமானாலும் அந்த மேசைக்கு ஆர்டர் அனுப்பலாம் என்பதையும் அப்போதே நினைவில் வையுங்கள். வெள்ளி மாலை மேசையைப் படம் எடுத்து வாட்ஸப்பில் போட்டால், வீட்டில் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒரு நண்பர் வேலை மெனக்கெட்டு ஒரு கிண்ணம் அவித்த பட்டாணி அனுப்பிவைப்பார். எனக்கு வந்தது நான்கு கிண்ணம்.